காத்திருப்பை வரைவது எப்படி

ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று படம் போடச் சொன்னால், எல்லோரும் பெட்டி பெட்டியாக வரைந்து நடுவில் அம்புக்குறி இழுப்பார்கள். பெட்டிக்குள் வேலையின் பெயர் இருக்கும். அம்புக்குறி மேல் எதுவும் இருக்காது. தரவுப் பகுப்பாய்வைப் பிழைப்பாக வைத்திருக்கும் எனக்குச் சோறு போடுவது அந்த வெறும் அம்புக்குறிகள்தான். பெட்டிக்குள் போவது நிமிடக் கணக்கு. அம்புக்குறியில் போவது நாள் கணக்கு. ஆனால் கணினி என்ன செய்கிறது? ஒருவர் கை வைத்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. யாரும் கை வைக்காமல் கிடந்ததற்குப் பதிவே கிடையாது. இரண்டு வரிகளுக்கு நடுவே அதை நாமாகத் தேடி எடுக்க வேண்டும்.

எடுப்பது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், எக்செல் போதும். பைதான் நிரல்மொழி தெரிந்தால் வேகமாக முடியும், அவ்வளவுதான்.

மூன்று நெடுவரிசை

எந்தக் கேஸ் (தொடக்கம் முதல் முடிவு வரை நாம் பின்தொடரும் ஒன்று), என்ன நடந்தது, எப்போது நடந்தது. இந்த மூன்று மட்டும் வேண்டும். ப்ராசஸ் மைனிங், அதாவது கணினிப் பதிவுகளிலிருந்து வேலை நடந்த விதத்தைத் தோண்டியெடுப்பது, என்று இன்று பேசப்படும் துறை முழுக்க இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. ஐ.டி. ஆட்களிடம் போய் ‘ரிப்போர்ட் கொடுங்க’ என்று கேட்காதீர்கள். யாரோ ஏற்கெனவே சராசரி எடுத்து, மாதவாரியாகச் சுருக்கி வைத்தது கைக்கு வரும். ‘ஒவ்வொரு என்ட்ரியும் தனித்தனி வரியா, நேரத்தோட வேணும்’ என்று கேளுங்கள்.

கேஸ் என்பது எது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒரு வாடிக்கையாளர் ஒரே ரசீதில் மூன்று கருவிகளைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். கேஸ் எது? வாடிக்கையாளரா, ரசீதா, கருவியா? கருவி என்று வைத்தால் ஒரே ரசீதுக்குப் பணம் கட்டியது மூன்று தடவை எண்ணப்படும். ரசீது என்று வைத்தால், ஒரு கருவி போய்ச் சேர்ந்த பிறகும் இன்னொன்று பிரிக்கப்படுவது போல வரிசை குழம்பும். எதைத் தேர்ந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் இடிக்கும். யாருடைய காத்திருப்பைத் தெரிந்துகொள்ள நினைக்கிறோமோ, அவர் எதைக் கையில் வாங்கினால் ‘அப்பாடா’ என்பாரோ, அதைக் கேஸாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஒன்றை முழுசாகப் படிப்பது

தரவு கைக்கு வந்ததும் சார்ட் போடத் துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். கேஸ் எண்ணை வைத்து வரிசைப்படுத்தி, அதற்குள் நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். பிறகு சில கேஸ்களைக் கதை படிப்பது போல மேலிருந்து கீழே படியுங்கள். மின்னணுத் தராசுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நான் பார்த்த மாதிரியில், ஒரு தராசின் கதையை அடையாளம் நீக்கி, கொஞ்சம் எளிமையாக்கித் தருகிறேன்:

திங்கள் 9:42 – வந்தது
திங்கள் 11:20 – பிரித்துப் பார்த்தாயிற்று
திங்கள் 11:31 – பாகம் கேட்டது
புதன் 17:58 – ஒப்புதல்
வெள்ளி 00:00 – பாகம் வந்தது
அடுத்த செவ்வாய் 15:50 – சரிசெய்தாயிற்று
அடுத்த புதன் 10:15 – சோதனை முடிந்தது
அடுத்த வியாழன் 16:30 – அனுப்பியது

எட்டு வரி. பிரித்துப் பார்க்க 25 நிமிடம், சரிசெய்ய 40, சோதிக்க 20, கட்டி அனுப்ப 10. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தராசு உள்ளே இருந்ததோ பத்து நாளுக்கும் மேல். விடுமுறையையும் இரவையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டாமா என்று கேட்பார்கள். இரண்டு விதமாகவும் போடுங்கள். பட்டறைக்குள் பேச வேலைநேரக் கணக்கு உதவும். தராசு இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இரவும் விடுமுறையும் காத்திருப்புதான், அவரிடம் காலண்டர் கணக்கு மட்டுமே செல்லும்.

இப்போது நான்காவதாக ஒரு நெடுவரிசை சேருங்கள்: இடைவெளி. மேல் வரியிலும் அதே கேஸ் எண் இருந்தால் இந்த நேரத்திலிருந்து மேல் நேரத்தைக் கழி, இல்லையென்றால் காலியாக விடு. எக்செலில் ஒரு இஃப் ஃபார்முலா போதும். தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்.லில் லேக் (LAG), பைதானின் பாண்டாஸ் நூலகத்தில் குரூப்பை (groupby) போட்டு ஷிஃப்ட் (shift). எக்செல் விடையை நாள் கணக்கில் தரும், மணியாக வேண்டுமென்றால் 24ஆல் பெருக்க வேண்டும். இங்கே ஒரு கண்கட்டு வித்தை உண்டு. மேலே ‘பாகம் கேட்டது’ முதல் ‘ஒப்புதல்’ வரை உள்ள இடைவெளி 54 மணி 27 நிமிடம். அந்தக் கட்டத்துக்குச் சாதாரண மணி–நிமிட வடிவம் கொடுத்திருந்தால் எக்செல் சாவகாசமாக 6:27 என்று காட்டும். முழு நாட்களை விழுங்கிவிடும். வடிவமைப்பில் மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால்தான் 54:27 என்று உண்மையைச் சொல்லும். இரண்டு நாள் தாமதம் ‘ஆறு மணி நேரம்’ என்று மேலதிகாரி மேசை வரை போவதற்கு இந்த ஒரு அடைப்புக்குறி இல்லாததே போதும்.

நேரங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். ‘வெள்ளி 00:00’ என்று இருக்கிறதே, நள்ளிரவில் யாரும் பாகம் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அந்தப் பதிவேட்டில் தேதி மட்டும்தான் எழுதுகிறார்கள், கணினி நேரத்துக்குப் பூஜ்யம் போட்டுக்கொள்கிறது. இதனால் அன்றைக்கு நடந்த மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அதே போல ‘17:58’. ஒப்புதல்கள் எல்லாம் மாலை ஆறு மணியை ஒட்டியே குவிந்திருந்தால், ஒருவர் நாள் முழுக்கச் செய்ததைக் கிளம்பும் முன் ஒரே மூச்சில் ஏற்றுகிறார் என்று பொருள். அது எழுதிய நேரம். நடந்த நேரம் வேறெங்கோ இருக்கிறது. இதைப் பிடிக்க எளிய வழி, எல்லாப் பதிவுகளையும் மணிவாரியாக எண்ணி ஒரு பட்டை வரைபடம் போடுவது. நள்ளிரவில் ஒரு கோபுரமும் மாலையில் ஒரு கோபுரமும் எழும்பி நின்றால் விஷயம் புரிந்துவிடும். விடியற்காலையில் வேலை நடந்த மாதிரி தெரிந்தால், சர்வர் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கிறதா என்று கேளுங்கள்.

ஆட்களிடம் கேட்பது

பதிவைப் படித்த பிறகு, வேலை செய்கிறவரிடம் போக வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இதை எப்படிச் செய்வீங்க?’ என்று கேட்டால் விதிமுறை வரும். ‘கடைசியா வந்ததை எப்படிச் செஞ்சீங்க?’ என்று கேட்டால் நடந்தது வரும்.

“அண்ணே, பாகம் வேணும்னா என்ன பண்ணுவீங்க?”

“ஃபார்ம் போடணும், ஒப்புதல் வரணும், அப்புறம்தான் ஆர்டர் போகும்மா.”

“சரி, கடைசியா வந்த தராசுக்கு என்ன பண்ணீங்க?”

“அதுவா... அது போர்டே கருகிப்போச்சு. உடனே சாருக்கு ஒரு ஃபோன் போட்டேன், சரின்னுட்டார். அப்பவே ஆர்டர் சொல்லியாச்சு. பேப்பர் அது பாட்டுக்கு அப்புறம் போச்சு.”

அந்த ஒரு பதிலில் எனக்கு ஒரு வாரத்துப் பகுப்பாய்வு மிச்சம். ஒப்புதல்தான் தாமதம் என்று அந்தப் பட்டறையில் ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். பதிவிலும் அங்கே 54 மணி நேரம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. உண்மையில் அந்த 54 மணி நேரம் யாரையும் காக்க வைக்கவில்லை. பேப்பர் பேப்பராக நகர்ந்தது, பாகம் பாகமாக நகர்ந்தது. நிஜமான ஓட்டை வேறிடத்தில். வெள்ளிக்கிழமை பாகம் வந்துவிட்டது, செவ்வாய் மாலைதான் வேலை முடிந்தது. ஸ்டோரில் இருப்பவர் தன் பதிவேட்டில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டார். வந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் சொல்வது யார் வேலை என்று எந்த விதியிலும் இல்லை. அவர் தற்செயலாக ஸ்டோர் பக்கம் போனபோதுதான் பார்த்தார். இரு தரப்பும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள், தராசு மட்டும் நடுவில் கிடந்தது.

விதியை மீறி நடந்ததைத் தரவில் பார்த்தவுடன் சிவப்பு மையில் சுழிக்கும் ஆசை வரும். மென்பொருட்களும் அப்படித்தான் பழக்குகின்றன, ‘விலகல்’ என்று தனிப் பட்டியலே கொடுக்கும். அந்தப் பட்டியலை நான் குற்றப் பட்டியலாகப் படிப்பதில்லை. வேலை நின்றுவிடாமல் ஓட ஆட்கள் கண்டுபிடித்துவைத்த குறுக்கு வழிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. அவற்றில் சில ஆபத்தானவை. சிலவற்றை விதியாகவே மாற்றிவிடலாம். எது எது என்று பிரிக்க மறுபடியும் அண்ணன்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

‘கடைசியா’ என்ற இந்தக் கேள்வியை வீட்டுக்கும் கொண்டுபோனேன். ‘நான் தினமும் நடப்பேன்’ என்று யாரிடமாவது சொல்ல வாயெடுக்கும்போது, ‘கடைசியா எப்போ நடந்தே?’ என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். தன்னைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் விதிமுறை வடிவத்தில்தான் வருகிறது. பொய் என்றும் சொல்ல முடியாது, நடந்தது என்றும் சொல்ல முடியாது. வீட்டில் யாராவது ‘நீ எப்பவும் இப்படித்தான்’ என்று ஆரம்பித்தாலும் இதே கேள்வி உதவும். ஆனால் அந்த நேரத்தில் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

வரைவது

ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் செயல்முறை வரைபடத்தை முன்வைத்தார்கள். அந்தச் சங்கம் 1947இல் அதைத் தரப்படுத்தியபோது ஐந்து குறிகள் இருந்தன: வேலைக்கு வட்டம், நகர்த்தலுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், இருப்பில் வைப்பதற்குத் தலைகீழ் முக்கோணம், தாமதத்துக்கு ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம். ஐந்தில் இரண்டு, பொருள் நகராமல் கிடப்பதற்கு! தொழிற்சாலைக்காரர்களுக்குக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது, இடத்தை அடைத்துக்கொண்டு காலில் இடறியது. கோப்பும் மின்னஞ்சலும் இடறுவதில்லை. வேலை நடக்கும் வழியைப் படமாக வரைய இன்று அலுவலகங்களில் புழங்கும் பி.பி.எம்.என். (BPMN) வரைமுறையின் 2.0 பதிப்பு 2011இல் வந்தது. அதில் குறிகளுக்குப் பஞ்சமே இல்லை, கடிகாரக் குறிகூட உண்டு. ஆனால் அது ‘மூன்று நாள் கழித்து நினைவூட்டு’ என்பது போன்ற, தெரிந்தே வைத்த காத்திருப்புக்கு. யாரும் நினைக்காமல் மேசையில் கிடப்பதற்கு அதில் தனிக்குறி இல்லை. எனக்குப் பிடித்தது கார்ல் ஆடம் பெட்ரியின் 1962ஆம் ஆண்டு ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த பெட்ரி வலை. அதில் வேலைக்குக் கட்டம், இரண்டு வேலைகளுக்கு நடுவே கட்டாயம் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும். கிடப்பதற்கு ஒரு இடம் கொடுக்காமல் அந்தப் படத்தை வரையவே முடியாது.

நான் வரைவது இப்படி: பெரிய தாளில் கிடையாக ஒரு காலக்கோடு, ஒரு நாளுக்கு இரண்டு சென்டிமீட்டர். வேலைகளை அவற்றின் உண்மையான நீளத்தில் வரைவேன். 40 நிமிட வேலை அரை மில்லிமீட்டரைத் தாண்டி ஒரு கீறலாகத்தான் விழும். மற்ற இடமெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேல், பொருள் யாரிடம், எதற்காகக் கிடந்தது என்று எழுதுவேன். ‘ஸ்டோர் அலமாரியில், மெக்கானிக்குக்குத் தெரியாமல்’ என்று நாலைந்து சென்டிமீட்டருக்கும் மேல் நீண்ட எழுத்தைப் பார்த்துவிட்டு யாரும் ‘வேலையை வேகமாச் செய்யணும்’ என்று பேசுவதில்லை.

ஒரு கேஸை இப்படி வரைந்த பிறகுதான் மொத்தத்துக்கும் போக வேண்டும். எதன் பின்னால் எது வந்தது என்று ஜோடி ஜோடியாக எண்ணி அம்புக்குறியின் மேல் எழுதினால் மென்பொருள் தரும் படம் கிடைத்துவிடும். ப்ரோம் (ProM), பிஎம்4பை (PM4Py) என்ற ப்ராசஸ் மைனிங் மென்பொருட்கள் இரண்டும் இலவசம். முதல் தடவை நூல்கண்டு சிக்கல் போல ஒரு படம் வரும், பயப்பட வேண்டாம். அரிதான வழிகளை மறைத்தால் தெளிவாகும். ஆனால் அரிதான செயலையே நீக்கினால், அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை நேரடியாக ஒட்டிக்கொண்டு, நடக்கவே நடக்காத ஒரு அம்புக்குறி படத்தில் முளைக்கும். இடைவெளிக் கணக்கை எப்போதும் நீக்குவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

எண்கள்

சராசரியைத் தனியாக யாரிடமும் கொடுக்காதீர்கள். நடுமதிப்பும், பத்தில் ஒன்பது கேஸ் எத்தனை நாளுக்குள் முடிந்தது என்பதும் கூடவே போக வேண்டும். ‘பாதிப் பேருக்கு 6 நாளில் கிடைத்தது, பத்தில் ஒருவருக்கு 19 நாளுக்கும் மேல்’ என்றால் கேட்பவர் தானாகவே அந்தப் பத்தாவது ஆளைப் பற்றிக் கேட்பார்.

ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி உண்டு. உள்ளே இருக்கும் எண்ணிக்கை என்பது, ஒரு நாளைக்கு வந்து போகும் எண்ணிக்கையை ஒன்று தங்கும் நாளால் பெருக்கியது. இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது. அலமாரியில் 84 தராசு, நாளொன்றுக்கு 7 வெளியே போகிறது என்றால் ஒன்று சராசரியாக 12 நாள் தங்குகிறது. அறிக்கையில் 5 நாள் என்று இருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: குவியல் வளர்ந்துகொண்டோ வடிந்துகொண்டோ இருக்கிறது, அல்லது கடிகாரத்தை நடுவிலிருந்து ஓடவிட்டிருக்கிறார்கள், அல்லது முடிந்த கேஸ்களை மட்டும் எடுத்து முடியாததை ஓரங்கட்டிவிட்டார்கள். மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது. முடியாமல் கிடப்பவைதான் நீளமானவை என்பதால், அவற்றைத் தள்ளிவிட்டு எடுக்கும் சராசரி அழகாகத்தான் இருக்கும். வரவும் போக்கும் நெடுநாளில் சமமாக இருக்கும்போதுதான் இந்த விதி செல்லும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இதற்கு நேரெதிரான மயக்கமும் உண்டு. இன்று மேசையில் கிடக்கும் கோப்புகளை எடுத்துப் பார்த்தால் எல்லாமே வில்லங்கமாகத் தெரியும். எளிதானது வந்த வேகத்தில் போய்விடுகிறது, சிக்கலானதுதான் தங்குகிறது. எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் தங்கியவைதான் கண்ணில் படும். மனசும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. சட்டென்று தீர்ந்த பிரச்சினை எதுவும் இரவில் நினைவுக்கு வருவதில்லை.

லிட்டில் கணக்கை என் சொந்தச் செய்யவேண்டியவை பட்டியலுக்கும் போட்டுப் பார்ப்பேன். பட்டியலில் 40, நாளைக்கு 2 முடிகிறது என்றால் புதிதாகச் சேர்வது கைக்கு வர 20 நாள். இது தெரிந்துகொண்டே ஒருவரிடம் ‘ரெண்டு நாள்ல தர்றேன்’ என்று சொன்னால், வேறு யாரையோ பின்னால் தள்ளுகிறேன் என்றுதான் அர்த்தம். யாரை என்று பெயர் சொல்ல முடிந்தால்தான் இப்போதெல்லாம் அந்த வாக்கைக் கொடுக்கிறேன்.

இன்னொரு கணக்கு, ஆட்களை எவ்வளவு நிரப்பி வைக்கலாம் என்பது. ஒரே ஆள், வேலை வருவதும் தாறுமாறு, ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் நேரமும் தாறுமாறு என்று வையுங்கள். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரி இது. ஒரு வேலைக்குச் சராசரி ஒரு மணி நேரம். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் வேலையில் போனால், வருவது வரிசையில் சராசரியாக 4 மணி நேரம் நிற்கும். 90 சதவீதம் என்றால் 9 மணி. 95 என்றால் 19. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுக்க வரிசை இரண்டு மடங்குக்கும் மேல் நீள்கிறது. எந்த மேலாளரிடம் இந்த மூன்று எண்களைக் காட்டினாலும் முதலில் நம்ப மாட்டார். ‘சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளமா?’ என்பார். அப்போது தாளில் இருக்கும் வெள்ளையைக் காட்டுங்கள். ஆள் சும்மா இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தால், பொருள் சும்மா கிடக்கும். இரண்டில் எதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அவரே முடிவு செய்யட்டும். என் காலண்டரில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எதையும் நானாக வைப்பதில்லை. காலியாக இருக்கிறதே என்று யாராவது மீட்டிங் போட்டால் மறுத்துவிடுகிறேன். எப்படியும் ஏதாவது வரும்.

காட்டுவது, பிறகு அளப்பது

‘யார்’ என்ற நெடுவரிசையில் பெயரை எடுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் வையுங்கள்: மெக்கானிக், ஸ்டோர், ஒப்புதல் தருபவர். பெயர் இருந்தால் கூட்டம் முழுக்க அந்தப் பெயரைப் பற்றியே பேசும். படத்தை முதலில் அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் காட்டுங்கள், மேலே காட்டுவது அப்புறம். ‘இது தப்பும்மா, இங்க நாங்க இப்படிப் பண்றதில்ல’ என்று ஒருவராவது சொல்ல வேண்டும். யாருமே எதுவும் சொல்லவில்லை என்றால் படத்தைப் பார்க்கவில்லை, அல்லது பயப்படுகிறார்கள்.

மாற்றம் சின்னதாகத்தான் இருக்கும். அந்தப் பட்டறையில் பாகம் வந்ததும் ஸ்டோர்காரர் மெக்கானிக் மேசையில் ஒரு மஞ்சள் சீட்டு வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. மென்பொருள் செய்யலாமே என்றார்கள். செய்யலாம், சீட்டு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு.

பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாற்றம் வந்து இரண்டு வாரத்தில் ‘புதிய கேஸ்கள் சராசரி 4 நாளில் முடிகின்றன’ என்று அறிக்கை வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டு வாரத்துக்குள் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் முடிந்தவை வேறெப்படி இருக்கும்? நீளமானவை இன்னும் உள்ளேதானே இருக்கின்றன. மாற்றத்துக்குப் பிறகு வந்த கேஸ்களை வந்த தேதியை வைத்துத் தனிக்கூட்டமாகப் பிரியுங்கள். அந்தக் கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது கேஸ் முடியும் வரை எந்த எண்ணையும் வெளியே விடாதீர்கள். அதே முறையில், மாற்றத்துக்கு முன் வந்த ஒரு கூட்டத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்த நாளை ஒப்பிட்டால் மட்டும் போதாது, ‘பாகம் வந்தது’ முதல் ‘சரிசெய்தாயிற்று’ வரை உள்ள இடைவெளியைத் தனியாகப் பாருங்கள். அங்கே குறைந்து, சோதனைக்கு முன்னால் அதே அளவு கூடியிருந்தால், குவியல் ஒரு மேசை தள்ளிப் போயிருக்கிறது. அடுத்த தாளை அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.